எழுபத்தொரு கிலோமீட்டர் என்று எழுதியவன் நானே

அனுப்புநர்:
ஜெரோம் ஹார்டிஸ்டி,
பனிச்சாலைப் பணியாளர்,
கிரேலிங் லேக், வட கனடா.

பெறுநர்:
விடுப்புப் பிரிவு அலுவலர்,
வட்டாரச் சாலைப் பராமரிப்பு அலுவலகம்.

பொருள்: கிரேலிங் லேக் – ஸ்டோன் பாயிண்ட் தூரத்தைத் திருத்தி, பிரசவத்துக்கு முன்பே விடுப்பு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி நோரீனுக்கு ஜூன் 6 அன்று பிரசவம் என்று மருத்துவர் நாள் குறித்திருக்கிறார். எங்கள் ஊரில் பிரசவம் பார்ப்பதில்லை. எனவே சென்ற வாரமே அவள் தன் தாயாருடன் விமானத்தில் ஸ்டோன் பாயிண்ட் மருத்துவமனைக்குப் போய்விட்டாள்.

2. நூறு கிலோமீட்டருக்கு உட்பட்ட ஊர் என்றால், வலி கண்ட பிறகுதான் கணவனுக்கு விடுப்பு என்பது விதி. தங்கள் பட்டியலில் சாலைத் தூரம் 71, வான்வழித் தூரம் 58. என் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

3. அந்த 71-ஐ மூன்று ஆண்டுகளுக்கு முன் பிப்ரவரி மாதத்தில் ஏரியும் சதுப்பும் உறைந்த பனிக்கட்டி மேல் லாரி ஓட்டி அளந்து எழுதியவன் நான். எங்கள் ஊரில் எந்த மாதத்தில் கேட்டாலும் பனிச்சாலைக் கணக்கைத்தான் சொல்வோம், பழக்கதோஷம். அதே சாலையை இவ்வாண்டு ஏப்ரல் 14 அன்று தடுப்பு வைத்து மூடியவனும் நானே. இன்று அதில் பாதி ஏரி, பாதி சதுப்பு. லாரியும் போகாது, படகும் போகாது. அந்த 58 அண்டங்காக்கைக்கு மட்டுமே பொருந்தும். அதற்கு விடுப்பு தேவையில்லை.

4. மனிதர்கள் தெற்கே 310 கிலோமீட்டர் போய், படகில் வண்டியை ஏற்றி ஆற்றைக் கடந்து, மறுபடி வடக்கே 295 வர வேண்டும். ஆற்றில் பனிக்கட்டி உடைந்து ஓடி முடியும்வரை படகு கிடையாது. விமானமோ செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே. அதுவும் தெற்கே போய் இரவு தங்கி, மறுநாள் வேறு விமானம்.

5. இரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே மே மாதத்தில், புதன்கிழமை வலி கண்டது என்று தொலைபேசி வந்தது. நான் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை. மகள் டெல்லா பிறந்து மூன்று நாளாகியிருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் வீறிட்டு அழுதாள். “என்ன மாப்ள, எழுபத்தொரு கிலோமீட்டரையும் தவழ்ந்துக்கிட்டே வந்தீங்களா?” என்றார் மாமியார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்து அழுதேன் என்பதையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன்.

6. தங்கள் அலுவலக எழுத்தர் தொலைபேசியில், “அண்ணே, பட்டியல்ல கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே? இப்ப நீங்களே தப்புன்னு சொன்னா எப்படி?” என்று கேட்டார். அன்றிரவு தொலைபேசியில் அதை நோரீனிடம் சொன்னேன். “ரோடு போடறவரு நீங்கதானே? இப்பவும் ஒண்ணு போட்டுக்கிட்டு வந்து சேருங்க!” என்றாள். மூன்றடி கனத்துக்குப் பனிக்கட்டி இருந்தால் போட்டுவிடுவேன். சதுப்பில் எனக்குப் பயிற்சி இல்லை.

ஆகவே, நான் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் ‘பனிக்காலத்தில் மட்டும்’ என்று சேர்த்து, ஜூன் 2 முதல் எனக்கு விடுப்பு வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அன்று செவ்வாய்க்கிழமை, விமானம் காலை பத்து மணிக்கு. இந்தக் குழந்தை பிறக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும், ஐயா. வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆணை வந்தால் ஆணையோடு ஏறுவேன். வராவிட்டாலும் ஏறத்தான் போகிறேன். அப்படி நேர்ந்தால், இந்த மனுவையே என் விடுப்புக் கடிதமாகக் கோப்பில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கிரேலிங் லேக்
நாள்: 11 மே 2026

இப்படிக்கு,
தங்கள் பணியாளர்,
(ஒப்பம்) ஜெரோம் ஹார்டிஸ்டி