சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை

என் தங்கத் தம்பி செந்திலுக்கு,

ஏப்ரல் வந்துவிட்டதுடா. இங்கே சன்னிவேலில் ஏசி போடுகிற அளவுக்கு வெயில். டாஹோ மலையில் மட்டும் இன்னும் ஆளுயரப் பனியாம். உன் ஆபீஸ் பசங்க மறுபடியும் மலையேறக் கிளம்பிப் போயிருக்கிறார்கள். எப்படித்தான் மனசு வருதோ! எரிச்சலாக வருகிறது. ஆனால் அவர்கள் என்ன தப்பு செய்தார்கள்?

போன வருஷம் மலையடிவாரத்திலிருந்து போன் பண்ணி நீதான் எனக்குப் பாடம் எடுத்தாய். "இந்த சீசன்ல பனி காலையில கல்லு மாதிரி இருக்கும்க்கா. வெயில் ஏற ஏற உருகி, தண்ணி உள்ள இறங்கி, மத்தியானம் சரிவே மொத்தமா வழுக்கிட்டு வரும். அதான் ஒன்பதுக்கு ஏறி பன்னிரண்டுக்குள்ள இறங்கிடணும்."

அத்தனையும் கேட்டுவிட்டு நான் என்ன சொன்னேன்? "இன்னிக்கு சனிக்கிழமை. ஒன்பதுலேர்ந்து பத்தரை ராகுகாலம். முடிஞ்சப்புறம் கிளம்பு."

நீ சிரித்தாய். "அது மெட்ராஸ் ராகுகாலம்க்கா, கலிஃபோர்னியாவுல செல்லாது." நான் விடவில்லை. அதற்கு மூன்று மாசம் முன்னால்தான் ஃப்ரீவேயில் காரை நொறுக்கியிருந்தாய், அந்தப் பயம் எனக்கு. "எம்மேல சத்தியம்" என்றேன். அந்த வார்த்தையை நீ தாண்டமாட்டாய் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

பசங்களிடம் ராகுகாலம் என்று சொல்ல உனக்கு வெட்கம். "தூக்கமா வருது, நீங்க போங்க, நான் பின்னாடி வரேன்" என்று அனுப்பிவிட்டாய். அவர்கள் பத்திரமாக இறங்கி வரும்போது நீ தனியாக ஏறிக்கொண்டிருந்தாயாம். ஒரு மணி வாக்கில் நீ சொன்ன மாதிரியே சரிவு மொத்தமாக வழுக்கி வந்துவிட்டது. உன்னைத் தோண்டி எடுக்க மறுநாள் ஆயிற்று.

நீ தூங்கிவிட்டாய் என்றுதான் பசங்க உன் மனைவி கவிதாவிடம் சொன்னார்கள். "சீக்கிரம் எழுந்திருந்தா எம்பொண்ணுக்கு அப்பா இருந்திருப்பாரு" என்று அவள் வருகிறவர்களிடமெல்லாம் உன்னைத் திட்டி அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். ஆமாம்டா, தலையாட்டினேன். ஒரு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. என்ன ஜென்மம் நான்?

போன வாரம் உன் மித்ரா என் வீட்டில் தங்கினாள். காலையில் அவள் ரூமில் ஒரே சத்தம். போய்ப் பார்த்தால், தலைமாட்டில் மூன்று அலாரம். எட்டு வயசுப் பிள்ளைக்கு எதுக்குடி இத்தனை என்று கேட்டேன். "ஐ டோன்ட் வான்ட் டு ஓவர்ஸ்லீப் லைக் அப்பா, அத்தை" என்றாள். அப்பா மாதிரி அவளும் தூங்கிவிடக் கூடாதாம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மூன்றையும் ஒவ்வொன்றாக அணைத்தேன்.

செந்தில், இன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். கவிதா கதவைச் சாத்தினாலும் சாத்தட்டும். மித்ராவுக்குப் புரிகிற இங்கிலீஷிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கப்பா தூங்கவில்லை. விடியும்போதே எழுந்து, ஷூவெல்லாம் மாட்டி, அத்தை பேச்சுக்குக் கட்டுப்பட்டு ஒன்றரை மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தார் என்று. இது உனக்கு நான் செய்கிற சத்தியம்.

உன் அக்கா.
மித்ரா இனியும் கூப்பிட்டால், அவளுக்கு அத்தை.