ஆட்டு மந்தைக்குள் ஒரு மாமா

ஜூன் 3, செவ்வாய்
தீயணைப்பு நிலையத்தில் எனக்கு ஆலோசகர் வேலை என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் அளந்துவிட்டிருக்கிறேன். பொய். என் வேலை காணாமல் போவது. புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்வேன். காட்டில் தொலைந்தவர்களைத் தேடப் பழக்குவதற்காக மூன்று பறக்கும் கேமராக்கள் என்னைத் தேடும். ஒன்று பார்த்தது மற்ற இரண்டுக்கும் அந்த நொடியே தெரிந்துவிடும். எங்கள் வீட்டுப் பெண்கள் மாதிரி.

ஜூன் 5
ஐந்து முறை ஒளிந்ததில் இரண்டு முறைதான் பிடித்தார்கள். கேமராவில் உடம்புச் சூடு வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும். ஆடுகளுக்கு பன் பிய்த்துப் போட்டு நடுவில் படுத்துவிடுவேன். நானும் ஒரு புள்ளி.
கேமராவை இயக்குவது என் அக்கா மகள். "மாமா, மனுசன் மாதிரி ஒளிங்க!" என்று கத்தினாள்.

ஜூன் 9
வெள்ளிக்கிழமை மேலதிகாரி முன்னால் சோதனை. இருபது நிமிடத்தில் என்னைப் பிடித்தால் அவளுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்கு.
"வெட்டவெளியில படுத்துக்கவா பாப்பா?"
"வேணாம். போன வருசம் காட்டுல விறகு பொறுக்கப் போனவர் ரெண்டு நாள் கெடந்து செத்தாரே, வெட்டவெளியிலயா கெடந்தாரு? உங்கள ஏமாத்திக் கண்டுபிடிச்சா, அடுத்தவர எப்படித் தேடுவேன்?"
மனுசன் மாதிரியே ஒளிவதாக ஒத்துக்கொண்டேன்.

ஜூன் 10
மருத்துவர் சர்க்கரையை நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி
ஆடு இல்லாத புதராகப் பார்த்துப் படுத்தேன். பத்தாவது நிமிடம் மந்தையே வந்து என்னைச் சுற்றிப் படுத்தது. என் மேல் பன் வாசம். கேமராக்களுக்கு முன்பே ஆடுகள் கண்டுபிடித்துவிட்டன. எழுந்து விரட்டினால் நானே காட்டிக்கொடுத்தது போல. போச்சு — பாப்பா வேலை போச்சு — எல்லாம் என்னாலதானே? கொண்டுவந்த பிளாஸ்கைத் திறந்து ஒரு டம்ளர் டீ ஊற்றி வைத்தேன். தொலைந்தவன் டீ குடிக்கக் கூடாதா என்ன?
பத்தொன்பதாவது நிமிடம். தலைக்கு மேலே கேமராவின் ஒலிபெருக்கியில் அவள் குரல்: "பதினாலு புள்ளி. ஒண்ணு பக்கத்துல மட்டும் குட்டியா ஒரு சூடு. ஆடு டீ குடிக்காது. எந்திரிங்க மாமா!"
குரல் உடைந்திருந்தது. பின்னால் கைதட்டல். வேலை நிரந்தரம். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.
வீட்டாரையும் திரையில் பார்க்க அழைத்திருந்தார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. வானத்திலிருந்து அடுத்து வந்தது என் மனைவியின் குரல்: "என்னங்க, டீயில சர்க்கரையா?"
இல்லை என்று கையை ஆட்டினேன்.
ஓர் ஆடு பிளாஸ்கைத் தட்டிவிட்டது. அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரையைப் பதின்மூன்று ஆடுகளும் வரிசையாக வந்து நக்கின. மூன்று கேமராக்களும் பதிவு செய்தன.