நான்காம் பாட்டில் சிரித்தவள்

மார்ச் 3, செவ்வாய்

சலவைக்கூடத்தில் இன்று ஆஸ்பத்திரி விரிப்புகள் மலை போல வந்தன. மடித்து மடித்துத் தோள்பட்டை கழன்று எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டது. பின்னாலேயே நானும் வந்தால், மகள் பாட்டுக் கேட்டு அழுதுகொண்டிருக்கிறாள். எவனோ ஏமாற்றிவிட்டான் என்று பதறிப்போனேன். இல்லையாம். அவள் உயிரையே விடுகிற ராக் குழு இருக்கிறதே — பாடகர் செத்து ஒன்பது வருஷமாகிறது — அவர்களுடைய, இதுவரை யாரும் கேட்காத ஆல்பம் கசிந்துவிட்டதாம். ஒன்பது பாட்டு.

"கசிஞ்சா ஒரு வாளிய வைக்கிறதுதானே?"

முறைத்தாள். அப்பாடா, அழுகை நின்றது.

மார்ச் 4, புதன்

எழுத்து கோழி கிளறின மாதிரி வருகிறது.

காலையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "நீயும் கேளும்மா, உருகிடுவே" என்று பாட்டைச் சத்தமாக வைத்தாள். உருகவில்லை. உறைந்துபோனேன். செத்துப்போன பாடகராவது மண்ணாவது! அது எங்க வீட்டுக்காரர் குரல்.

இவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். லீவு நாளில் அந்தப் பெரிய குழுவின் பாட்டுகளை அச்சு அசலாகப் பாடுகிற நகல் குழுவில் பாடகர். வெல்டர் ஒருவர் கிட்டார், முடிவெட்டுகிறவர் டிரம்ஸ். மகள் பிறப்பதற்கு முந்தின வருஷம் ஒரு மெத்தைக் கிடங்கில் உட்கார்ந்து, சொந்தமாகவே ஒன்பது பாட்டுப் போட்டுப் பதிவு செய்தார்கள். நானும் போயிருந்தேன். நான்காம் பாட்டு முடிகிற நேரம், மெத்தை அடுக்கின் உச்சியில் உட்கார்ந்திருந்த வெல்டர் கிட்டாரோடு சரிந்து விழுந்தார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கிறது, இத்தனை வருஷம் கெட்டுப்போகாமல்.

"அடியே, இது..." என்று வாயைத் திறந்தேன். வாசலில் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, வேண்டாம் என்று தலையாட்டினார்.

என்னையா? வாயை மூடச் சொல்வது என்னையா?

மார்ச் 5, வியாழன்

முடிவெட்டுகிறவரைக் கடையிலேயே போய்ப் பிடித்தேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உண்மையைக் கக்கினார். அன்றைக்குப் புதுக் கேசட் வாங்கச் சோம்பல்பட்டு, பெரிய குழுவின் பாட்டைக் கேட்டுப் பழக வைத்திருந்த கேசட்டின் மேலேயே பதிந்திருக்கிறார்கள் இந்த மகான்கள். மேலே ஒட்டின சீட்டு அப்படியே. அதில் குழுவின் பெயர், கூடவே 'பயிற்சி' என்று எங்க வீட்டுக்காரர் கைப்பட எழுதியது. போன மாதம் முடிவெட்டுகிறவர் தன் வீட்டுப் பரண் காலி பண்ணும்போது பெட்டியோடு பழைய சாமான் கடைக்குப் போட்டிருக்கிறார். எடுத்தவன் ரசிகன். பெரிய குழுவே ஒத்திகை பார்த்த கேசட் என்று நினைத்து நெட்டில் போட்டுவிட்டான்.

"மன்னிச்சுக்குங்க அண்ணி."

"மன்னிக்கலாம். கஸ்டமருக்கு ஒரு பக்கம் மட்டும் வெட்டியிருக்கீங்க, மொதல்ல அதப் பாருங்க."

மார்ச் 7, சனி

ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். அசல் கட்சி, போலிக் கட்சி. மகள் அசல் கட்சி. போனில் வருவதை எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். அதில் ஒருவர் பக்கம் பக்கமாக எழுதுகிறார். நிபுணர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

சுருதி ஏன் இவ்வளவு கீழே இருக்கிறது? மரணத்தை நோக்கி இறங்குகிற மனசாம். — வெல்டர் கிட்டார் கம்பியையும் போல்ட் முறுக்குகிற மாதிரி முறுக்குவார். அறுந்துகொண்டே இருந்தது. அதனால் தளர்த்திவிட்டார்கள்.

'இரண்டு தளத்துக்கு நடுவே நிற்கிறேன், யாருக்கும் கேட்கவில்லை.' வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவிலாம். — ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் நின்று மூன்று மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டாரே, அது.

நான்காம் பாட்டில் சிரிக்கிற பெண்? பாடகரின் ரகசியக் காதலி. பெரிய நடிகையாம்!

"சிரிப்பைக் கேட்டாலே தெரியுதும்மா, பேரழகி" என்றாள் மகள்.

"இருக்கும், இருக்கும்" என்று பாத்திரத்தைத் தேய்த்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

முடியவில்லை. குக்கரில் விசில் வராமல் அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. இவரைக் கேட்டேன்.

"ஏங்க, சொல்லிடலாமே?"

"சொன்னா?"

"உங்க பேரு தெரியும்."

"தெரிஞ்ச நிமிஷமே பாட்டு நல்லா இல்லாம போயிடும். இப்ப அவ கேக்குறால்ல, கேக்கட்டும் விடு."

அப்படியா ஆகும்? நல்ல பாட்டு, பாடினவர் பெயர் தெரிந்தால் கெட்டுவிடுமா என்ன? நான் ஆறாவதோடு நின்றவள். தெரியவில்லை.

மார்ச் 12, வியாழன்

இன்றும் சொல்லவில்லை. இதை என் சாதனையாக எழுதி வைக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

எழுதவே கசக்கிறது.

சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "நெஜமாவே அவ்வளவு நல்லாருக்கா?"

"அப்பா, நீங்க இருபது வருஷமா அவரு மாதிரி பாடறீங்க. இப்படி ஒரே ஒரு பாட்டு, ஜென்மத்துல உங்களால போட முடியுமா?"

"முடியாதும்மா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அவள் மேல் கோபமா, இவர் மேலா? ரெண்டு பேர் மேலயும்தான். என் மேலயும்.

மார்ச் 20, வெள்ளி

போச்சு. பெரிய குழுவில் உயிரோடு இருக்கிற கிட்டார்காரர் வாய் திறந்துவிட்டார். 'இது நாங்கள் பாடியதில்லை.' ஒரே வரி.

மத்தியானத்துக்குள் எல்லோரும் தலைகீழ். நிபுணர் எழுதுகிறார்: முதல் நாளே சந்தேகப்பட்டாராம், மட்டமான குரலாம், சுருதி தெரியாத கும்பலாம். அட பாவி மனுஷா! செத்தவர் பெயரில் பிழைக்கப் பார்த்த ஏமாற்றுக்காரன் என்கிறார்கள். இவரையா? ஒரு ஸ்க்ரூ மிச்சமானால்கூடத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கிற மனுஷனையா?

மகள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இவர் சொன்னதுதான் நடந்தது. பெயர்கூடத் தேவைப்படவில்லை.

மார்ச் 23, திங்கள்

இவர் பாடுவதில்லை. குளிக்கும்போதுகூட. தண்ணீர் சத்தம் மட்டும்.

மார்ச் 28, சனி

மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாய் தானாக எதையோ முணுமுணுத்தது. அந்த ஆல்பத்தில் ஏழாவது பாட்டு!

"போலின்னு அழிச்சிருப்பேன்னு நெனச்சேன்" என்றேன்.

"அழிக்கத்தாம்மா போனேன். முடியல. எவன் பாடியிருந்தா என்ன, எனக்குப் புடிச்சிருக்கு."

மறுபடி பாடினாள். ஒரு இடத்தில் வரி பாதியில் மூச்சு வாங்கினாள். அந்தப் பக்கம் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த இவர், தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்:

"அங்க மூச்சு விடாதே. ரெண்டு வரியும் ஒரே மூச்சு. நானே மூணு தடவ சொதப்பினேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது. ஊசி அந்தரத்தில் நின்றது.

மகள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் சத்தியமாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு அவள் முகம் போன போக்கு!

"அம்மா... நீயா?"

"பேரழகின்னு நீதான்டி சொன்னே."

அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையிலிருந்த சட்டையை வாங்கி, மீதிப் பொத்தானைத் தைத்தாள். தப்பும் தவறுமாக.

ஏப்ரல் 18, சனி

லிஃப்ட் கம்பெனி ஆண்டு விழா. வழக்கம்போல நகல் குழுவைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஐந்து பாட்டு, எல்லாமே பெரிய குழுவினுடையது. கைதட்டல். ஆறாவதாக இவர் மைக்கைச் சரிசெய்துகொண்டு, "இது எங்க பாட்டு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பாதிப் பேர் தட்டை எடுக்க எழுந்துவிட்டார்கள். இரண்டாவது சரணத்தில் இவருக்கு வரி மறந்துவிட்டது. வாய் திறந்தபடி நிற்கிறார். வெல்டர் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வாசிக்கிறார்.

என் பக்கத்து நாற்காலியிலிருந்து மகள் எழுந்து நின்று, அந்த வரியைப் பாடி எடுத்துக்கொடுத்தாள்.