கரடிக்கு எந்த ரவை

அண்ணை,

இன்று காலை லா ஷப்பல் மெத்ரோப் படிக்குக் கீழே, பத்திரிகைக் கடையில், ஒரு வேட்டைச் சஞ்சிகை கண்டேன். அட்டையில் பழுப்புக் கரடி. கரடி வேட்டைக்கு ஏற்ற துவக்கு எது, ரவை எது என்று பிரெஞ்சில் கொட்டை எழுத்து. மழை. வேலைக்குப் பிந்தியிருந்தேன். இருந்தும் எடுத்துப் புரட்டினேன். கடைக்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அலுவலகக் கோட்டுப் போட்ட தமிழ்ப் பெண், கையில் கரடி.

நீங்கள் என்றால் அட்டையைப் பார்க்கமாட்டீர்கள். நேரே நடுப்பக்க அட்டவணைக்குப் போவீர்கள்.

நீங்கள் முதன்முதல் என்னிடம் வந்ததும் அப்படி ஒரு சஞ்சிகையோடுதான். 2011. ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் வடக்கு முனையில் அந்தப் போட்டோகொப்பிக் கடை. நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் அங்கே உட்கார்ந்து சனத்துக்குப் படிவம் நிரப்புவேன், தஞ்சம் கேட்கிறவர்களின் கதையைப் பிரெஞ்சில் எழுதுவேன். கேஸ் எழுதுகிற பிள்ளை என்று பெயர். நீங்கள் கேஸ் எழுத வரவில்லை. பாத்திரம் கழுவி ஊறிப்போன விரல்களால் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தீர்கள்.

"தங்கச்சி, உதிலை கரடியைப் பற்றி என்ன போட்டுக்கிடக்கு எண்டு ஒருக்காச் சொல்லும்."

மெஷினுக்குப் பின்னாலிருந்து கடை முதலாளி கேட்டார். "என்ன அண்ணை, லா ஷப்பலுக்குக் கரடி வந்திட்டுதோ?"

"வந்தால் உம்மைத்தான் முதல் பிடிக்கும். உந்த வண்டியோடை எவ்வளவு தூரம் ஓடுவீர்?" என்று அவருடைய தொப்பையைக் காட்டினீர்கள்.

உங்கள் உணவகத்துச் சொந்தக்காரர், அந்தப் பத்ரோன், வேட்டைக்காரர். வாசித்து முடித்ததைக் குப்பைக்குப் போடுவார். நீங்கள் பொறுக்கி எடுப்பீர்கள். பிரான்சில் கரடியைச் சுட முடியாது. ருமேனியாவுக்கும் கனடாவுக்கும் போகிற வசதியானவர்களுக்காக எழுதப்பட்டவை அவை. மார்க்ஸ் டோர்மோயில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்த உங்களுக்கு அவை எதற்கு என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் என்னிடம் வேறெதையும் கேட்காமல் வந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

நான் தோட்டா என்று மொழிபெயர்த்தேன். புத்தகத்தில் படித்த சொல்.

"தோட்டாவோ? ரவை எண்டு சொல்லும்."

"ரவை உப்புமாவுக்கெல்லோ."

"அதுவும் ரவைதான், இதுவும் ரவைதான். எங்கை போடுறீர் எண்டதிலை இருக்கு."

அப்படித்தான் படித்தோம். தூரத்து மலையாட்டுக்கு ஏற்ற மெல்லிய, வேகமான ரவை கரடிக்கு ஆகாது. அதன் குண்டு தோள் எலும்பில் பட்டுச் சிதறும், உள்ளே போகாது. கனத்த குண்டு வேண்டும். வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, உடையாமல் ஊடுருவ வேண்டும். பற்றைக்குள் நீளக் குழல் சிக்கும், கட்டைக் குழல் நல்லது. தோள் தாங்காத துவக்கை எடுக்காதே. உதைப்புக்குப் பயந்து கண்ணை மூடுகிறவனுக்கு எந்த ரவையும் உதவாது. ஒன்பது புள்ளி மூன்று மில்லிமீற்றர் என்ற அளவில் உங்கள் விரல் எப்போதும் நிற்கும். அடுத்த கிழமை வேறு சஞ்சிகை, அதே அட்டவணை, அதே இடத்தில் விரல்.

பிறகு கேஸும் எழுதவேண்டி வந்தது. வன்னி, முகாம், கொழும்பு. எல்லாம் சொன்னீர்கள்.

"தம்பி ஒராள் எண்டீங்கள்?"

"செத்திட்டான்."

"ஆமியோ?"

"கரடி."

பேனையை வைத்துவிட்டேன். "அதை விடு பிள்ளை, கேஸுக்கு உதவாது," என்றார் முதலாளி. நானும் விட்டேன். தம்பி காட்டில் இறந்தார் என்று ஒரு வரி. சுருக்கமாக இருந்தது. வெட்டி எழுதுவது நல்ல எழுத்து என்று அந்த வருடம்தான் படித்திருந்தேன்.

நேர்முகத்தில் அதிகாரி உங்கள் இடது கையிலிருந்த நீளத் தழும்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நீங்கள் மறைக்கவில்லை. மொழிபெயர்த்தவர் புதுச்சேரிக்காரர். வாங்க, உட்காருங்க என்று மரியாதையாகப் பேசினார் என்று சந்தோசமாகச் சொன்னீர்கள். மூன்று மாதம் கழித்து நிராகரிப்பு வந்தது, நேர்முகப் பதிவோடு. கடையில் வைத்து உடைத்தோம். நான் வாசித்தேன்.

'கரடி வந்தபோது எங்கள் கையில் ரவை மட்டும் இருந்தது. நுண்ணிய ரவை. பறவைகளுக்குப் போடுவது. அது போதவில்லை.'

பிரெஞ்சில் செமூல் என்று இருந்தது. உப்புமா ரவை. மொழிபெயர்த்தவரின் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. கரடிக்கு ரவை போட்டதாகக் கூறும் கதை நம்பத்தக்கதாக இல்லை என்று முடிவில் எழுதியிருந்தார்கள்.

முதலாளி மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த வரிக்கு வரும்வரை.

'அதைப் போட்டது நான்தான்.'

"என்ன சிரிக்கிறியள்?" என்றீர்கள். சொன்னேன். உங்களுக்கும் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து நின்றது. பிறகு கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டீர்கள். மேன்முறையீட்டுக்காக முழுவதையும் அன்றுதான் சொன்னீர்கள்.

காட்டுக்கோழிக்குப் போனது. ஒற்றைக்குழல் துவக்கு. விடிய வெளிக்கிடும்போது சின்ன ரவையை நீங்கள் போட்டுத் தம்பியின் கையில் கொடுத்தீர்கள். பாலை மரத்தடியில் பழம் தின்றுகொண்டிருந்த கரடியை இருவரும் காணவில்லை. ஐந்து மீற்றர் தூரம்கூட இருக்காது. தம்பி சுட்டான். ஈயச் சன்னங்கள் மயிருக்குள் போய்ச் செருகின. கரடி நிற்கவில்லை. தம்பியை இழுக்கப்போன உங்கள் கையையும் கிழித்தது.

"ஒற்றைக் குண்டு போட்ட பெரிய ரவை இரண்டு என்ரை பையிலை கிடந்தது. காட்டுப்பண்டி கிண்டி வந்தால் எண்டு கொண்டுபோனது."

மேசையில் இருந்த சஞ்சிகையை நேராக்கினீர்கள். அது ஏற்கனவே நேராகத்தான் கிடந்தது.

"உதுகளிலை எங்கையாவது போட்டிருப்பாங்கள் தங்கச்சி. அது போட்டிருந்தால் நிண்டிருக்குமோ எண்டு."

அவ்வளவு சனிக்கிழமைகளும் அதற்குத்தான்.

மேன்முறையீட்டை ஒழுங்காக எழுதினேன். சன்னம், குழல், குண்டு, தூரம். ஒரு சொல்லையும் வெட்டவில்லை. பதிலுக்குக் காத்திருந்த குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, உங்கள் கோட்டுக்குள்ளிருந்து ஒரு சஞ்சிகை வெளியே வந்தது. நெருக்கத்தில் கரடி தாக்கினால் என்ன செய்வது என்ற கட்டுரை. பழைய ஒற்றைக்குழல் துவக்கின் படமும் இருந்தது. அதை நீங்களே கண்டுபிடித்திருந்தீர்கள்.

மனதுக்குள் முதலில் வாசித்தேன். வரி தெளிவாக இருந்தது. உங்கள் முகம் என் முகத்துக்கு மிகக் கிட்ட இருந்தது.

"இவ்வளவு கிட்டத்திலை எந்த ரவையும் நிப்பாட்டாது எண்டு போட்டிருக்கு அண்ணை."

"எந்த ரவையும்?"

"ஓம்."

"பெரிசும்?"

"ஓம்."

நீங்கள் தெருப் பக்கம் திரும்பினீர்கள். மரக்கறிக் கடைக்காரர் முருங்கைக்காய்ப் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.

"அந்த வரியைப் பிரெஞ்சிலை ஒருக்கா வாசியும்."

எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை. அந்த நொடியில் வேறு ஒரு பிரெஞ்சு வாக்கியத்தைக் கட்டவும் எனக்கு வரவில்லை. உள்ளதை உள்ளபடி வாசித்தேன்.

"சரி தங்கச்சி," என்றீர்கள். "நல்லாய் வாசிக்கிறீர்."

சஞ்சிகையை மடித்து உள்ளே வைத்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு சஞ்சிகையும் வரவில்லை. நீங்கள் வந்தீர்கள், தேத்தண்ணி குடித்தீர்கள், முதலாளியின் வண்டியைப் பற்றி ஏதாவது சொன்னீர்கள். மேன்முறையீடு வென்று வதிவிடக் கார்த் கிடைத்த அன்று லட்டு வாங்கி வந்தீர்கள். ஒரு பகலும் வேலையை விட்டுப் படுக்காமல் வளர்த்த நெஞ்சுச் சளி இரண்டு குளிர்காலங்களில் உங்களைக் கொண்டுபோனது. எரிக்கும் இடத்தில் நாங்கள் ஐந்து பேர். அறைக்காரர் மூவர், முதலாளி, நான். உறவு என்ன என்று அங்கிருந்த பெண் கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் என்றேன்.

இப்போது கடை இல்லை. முதலாளி திரான்சிப் பக்கம் போய்விட்டார். நான் தனியே மார்க்ஸ் டோர்மோயில் இருக்கிறேன், உங்கள் பழைய அறைக்கு இரண்டு தெரு தள்ளி. நாள் முழுக்கப் பிரெஞ்சு. ரவை என்ற சொல்லைக் கேட்டு வருடங்களாகிவிட்டன, இரண்டு பொருளிலும்.

அண்ணை, அந்த வரி நான் சொன்னதுபோல இல்லை. ஐந்து மீற்றருக்குள் சாதாரண ஒற்றைக்குழலிலும் ஒரு குண்டே போதும் என்று இருந்தது. ஊன் சேல் பால் சுஃபி. அதைத்தான் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது என்ற தைரியத்தில்.

இன்று மெத்ரோவில் எனக்கு முன்னால் ஒரு தாய் அடம்பிடித்த பிள்ளையை அதட்டினாள். சா சுஃபி. போதும். பிரெஞ்சுச் சமையலறைகளில் அதிகம் கேட்கிற சொல் அதுவாகத்தான் இருக்கும். நாலு வருடம் நீங்கள் பாத்திரத் தொட்டிக்கு முன்னால் நின்று அதைக் கேட்டிருக்கிறீர்கள். பால் என்றால் குண்டு என்பதையோ அட்டவணைகளின் தலையில் நானே உங்களுக்குக் காட்டித் தந்தேன்.

உங்களுக்கு விளங்கியிருக்கிறது. நான் பொய் சொன்னதும், ஏன் சொன்னேன் என்பதும். அதை வைத்துக்கொண்டு அதற்குப் பிறகும் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தீர்கள்.

இறங்கவேண்டிய இடத்தில் நான் இறங்கவில்லை. நல்லாய் வாசிக்கிறீர் என்றீர்களே. கடைசித் தரிப்பிடம் வரை அந்தக் குரலைக் கேட்டபடி இருந்தேன்.