நாற்காலியின் அடியில் ஒரு பெயர்

மார்லோ, ஒஹாயோ
மார்ச் 9, 1961

அன்புத் தம்பி லாய்டுக்கு,

அக்கா வெர்லா எழுதுவது. நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. அதற்குக் காரணம் நம் அப்பா. யாருக்கு எது என்று ஒவ்வொரு சாமானுக்கும் அடியில் டேப்பில் பெயர் எழுதி ஒட்டிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார் அல்லவா, அதையெல்லாம் படிக்க நேற்று வீடு முழுக்கத் தவழ்ந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் தவழுகிற குழந்தை இந்த ஊரிலேயே நான்தான்.

கடிகாரம் உனக்கு. கட்டில் உனக்கு. அவருடைய ஓக் மர எழுத்து மேசை, இழுத்தால் சுருண்டு மேலே போகிற அந்த மூடியோடு, உனக்கு. அதன் ஜோடியான சுழல் நாற்காலி மட்டும் எனக்கு! சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பத்தொன்பது வருஷம் சமைத்துப் போட்டேன், கடைசி இரண்டு வருஷம் குளிப்பாட்டினேன். அந்த நாற்காலியைத் துடைக்கும்போது சற்று உட்கார்ந்தால் போதும், "ஏய், அது எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் உட்கார்ற இடம். துடைச்சுட்டு எந்திரி" என்பார். ஆறாம் வகுப்போடு என்னை நிறுத்தியதும் அவர்தான். நீ சின்னதில் அதில் சுற்றிச் சுற்றி வாந்தி எடுத்தாயே, அப்போது உன்னை ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அது சமையலறையில் இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இந்தப் பக்கம் திரும்பினால் அடுப்பு, அந்தப் பக்கம் உருளைக்கிழங்குக் கூடை. என் வக்கீல் தம்பி ஐயா, மற்றதற்கெல்லாம் லாரி அனுப்புங்கள்.

உன் அக்கா,
வெர்லா

க்ளீவ்லாந்து
மார்ச் 16, 1961

அன்புள்ள அக்கா,

லாரி 25ஆம் தேதி வரும். மேசையும் நாற்காலியும் ஒரே பட்டறையில் ஜோடியாகச் செய்தவை. என் அலுவலகத்தில் சேர்த்துப் போடத்தான் இடம் ஒதுக்கியிருக்கிறேன். உன் சமையலறைக்கு மெத்தை வைத்த புது நாற்காலி வாங்கித் தருகிறேன்.

இன்னொன்று, சொல்லச் சங்கடமாக இருக்கிறது. நவம்பரில் வான்கோழி விருந்துக்கு வந்தபோது அப்பாவுக்குக் கை நடுங்கியது. அவர் சொல்லச் சொல்ல, பெயர்களை எழுதி ஒட்டியவன் நான்தான். நாற்காலியின் அடியில் என் பெயரைத்தான் ஒட்டினேன்.

சண்டை வேண்டாம் அக்கா.

அன்புடன்,
லாய்ட்

மார்லோ
மார்ச் 25, 1961

தம்பி லாய்டுக்கு,

மாட்டிக்கொண்டேன். வக்கீலிடம் பொய் சொன்னால் இப்படித்தான். ஆமாம், என் பெயரை நானே எழுதி உன் பெயருக்கு மேல் ஒட்டினேன். கட்டில், கடிகாரம், மாவுப் பெட்டி எல்லாவற்றிலும் லாய்ட், லாய்ட், லாய்ட். கடைசியில் குப்பைக்கூடையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தேன்டா.

அன்றைக்கு நீங்கள் இருவரும் முன்னறையில் குனிந்து குனிந்து எதையோ தேடுகிறீர்கள் என்று நினைத்தேன். நான் வான்கோழி வெந்ததா என்று குத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா, அக்காவுக்கு எது?"ன்னு ஒரு தடவையாவது கேட்டியாடா? பதில் எழுத வேண்டாம். கேட்டிருந்தால் போன கடிதத்திலேயே எழுதியிருப்பாய்.

லாரிக்காரர் இப்போதுதான் கிளம்பினார். "நாற்காலியுமாம்மா?" என்றார். "அதுவும்தான். ஜோடியைப் பிரிச்சா பாவம்" என்றேன். புது நாற்காலி எதுவும் அனுப்பாதே. இதை நின்றுகொண்டேதான் எழுதுகிறேன். இந்த வீட்டில் நின்றே பழகியவள்.

வந்து சேர்ந்ததும் நாற்காலியைக் கவிழ்த்துப் பார். என் பெயரை நான் உரிக்கவில்லை. அதை நீயே உரித்துக்கொள்.

வெர்லா