என் பக்கத்து பிரேக்

மார்ச் 4, செவ்வாய்

என்னிடம் கார் ஓட்டப் படிக்கிற நர்ஸ் இன்றும் அழுதார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, சத்தமே இல்லாமல். ஊரெல்லாம் ஊசி போடுகிற கை, இங்கே வந்தால் மட்டும் உதறுகிறதாம். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை அவருக்குக் கிடைத்திருக்கிறது. லைசென்ஸ் இருந்தால்தான் சேர முடியும். ஏப்ரல் இரண்டாம் தேதி டெஸ்ட்.

"போகப் போக வந்துடும்மா" என்றேன். ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்த நாளிலிருந்து இதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். முன்பெல்லாம் நம்பிச் சொன்னேன்.

மழைக்காலத்தில் நடந்த அந்த விபத்துக்குப் பிறகு எதையும் நம்ப முடியவில்லை. என்னிடம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்த ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது, அதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் மிதிப்பதற்குள் ரோட்டைக் கடந்த பெரியவர் வண்டி இடித்து விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்தது. இப்போது தடி ஊன்றி நடக்கிறார். அவர்கூட என்னைக் குறை சொல்லவில்லை. எனக்குள் இருக்கிறவள்தான் விட மாட்டேன் என்கிறாள். எங்கேடி பார்த்துட்டு இருந்தே? எங்கேடி பார்த்துட்டு இருந்தே?

மார்ச் 5, புதன்

அக்கா போன் செய்தாள். மனதை மாற்றிக்கொள்ள ஏதோ ஒரு வகுப்புக்குப் போகிறாள். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று, "நான் தைரியசாலி, எனக்கு நல்லதே நடக்கும்" என்று சொல்ல வேண்டுமாம். பத்து நாளில் ஆளே மாறிவிடலாமாம்.

சொன்னேன். கண்ணாடிக்குள் இருந்தவள் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்காரர் வாயில் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்து, யாரிடம் பேசுகிறேன் என்று கேட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக்காரரோடு காரில் கடைக்குப் போனேன். வழியெல்லாம் என் வலது கால் தரைவிரிப்பைப் போட்டு அமுக்கிக்கொண்டே இருந்தது. "அங்க பிரேக் இல்லடி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறங்கியபோது கெண்டைக்கால் இறுகிப்போய் நடக்க முடியவில்லை.

மார்ச் 13, வியாழன்

வண்டி சர்வீஸுக்குப் போயிருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது மெக்கானிக் ஒரு விஷயம் சொன்னார். ஓட்டுகிறவர் பக்கத்து பிரேக் பெடல் ரப்பர் நன்றாக இருக்கிறதாம். என் பக்கத்து ரப்பர் வழவழவென்று தேய்ந்துவிட்டதாம். "வண்டிய ஓட்டறது யாருங்க, அவங்களா நீங்களா?" என்று கிண்டலாகக் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

இன்று ரோட்டைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தேன். அது பிரேக்கின் மேலேயே இருந்தது. சும்மா இருக்கவில்லை, லேசாக அழுத்திக்கொண்டும் இருந்தது. நான் சொல்லவே இல்லை, அதுவாக.

அப்படியென்றால் — வண்டி இழுக்கவில்லை என்று நர்ஸ் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். எதிரே யாரும் இல்லை என்று தெரிந்ததும் என் கால் விடுகிறது. வண்டி குதிக்கிறது. அவர் பயந்து எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார். உடனே நான் மறுபடி அழுத்துகிறேன். எஞ்சின் நின்றுவிடுகிறது. அவர் அழுகிறார். நான் தட்டிக்கொடுக்கிறேன்.

ஐயோ. அந்தப் பெண்ணுக்கு ஓட்ட வரவில்லை என்று யார் சொன்னது?

மார்ச் 17, திங்கள்

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாய் வரவில்லை. இன்றைக்கும் வண்டி குதித்தது, இன்றைக்கும் அவர் "சாரி மேடம்" என்றார். என்னிடம்! காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். எதிரே ஒரு சைக்கிள் வந்தால் போதும், போய் உட்கார்ந்துகொள்கிறது.

முதலாளி கூப்பிட்டார். என்னிடம் படித்தவர்கள் வரிசையாக ஃபெயில் ஆகிறார்களாம். நர்ஸும் தேறவில்லை என்றால், உள்ளே உட்கார்ந்து போன் எடுக்கலாமே என்றார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வண்டிதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. அதிலிருந்தும் இறக்கிவிட்டால் நான் யார்? வீட்டிலும் சொல்லவில்லை. யாரிடம் சொல்ல? என்னவென்று சொல்ல? என் கால் என் பேச்சைக் கேக்கலன்னா?

மார்ச் 18, செவ்வாய்

அக்காவிடம் கத்திவிட்டேன். கண்ணாடி முன்னால் நின்று சொல்வதை விட்டுவிட்டேன் என்றதும் அவள் சொன்னாள்: "நீ எப்பவும் கெட்டதையே நினைக்கிறே. அதான் உனக்குக் கெட்டதே நடக்குது."

அப்போ அந்தப் பெரியவர் காலை உடைச்சது என் நினைப்பா? மழையும் இல்ல, மிதிச்சவரும் இல்ல, என் நினைப்புதானா? போனை வைத்துவிட்டேன். பாவம், அவளும் என்னைத் தூக்கிவிடத்தான் பார்க்கிறாள். ஆனால் நல்லதே நினை, நல்லதே நினை என்று சொல்லச் சொல்ல, அதைக்கூட நினைக்கத் துப்பில்லாதவள் என்று இன்னொரு குற்றமும் என் தலையில் ஏறுகிறது.

மார்ச் 20, வியாழன்

ஒன்றுமில்லை. எழுந்தேன், போனேன், வந்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 22, சனி

சொல்லிவிட்டேன்.

திட்டமெல்லாம் போடவில்லை. சிக்னலில் எஞ்சின் நின்றது, பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். நர்ஸ் தன் தலையிலேயே அடித்துக்கொண்டு, "மக்கு, மக்கு" என்றார். அது எனக்குள் இருக்கிறவளின் அதே குரல். இன்னொருத்தி வாயிலிருந்து கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. ஓரமாக நிறுத்தச் சொன்னேன். "நீங்க இல்லம்மா. நான்தான் பிரேக்க மிதிக்கிறேன். ஆரம்பத்துல இருந்து" என்றேன்.

சமாதானமாகப் போவார் என்று நினைத்தேனா? முகம் சிவந்துவிட்டது. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டார். ஒரு வாரமாக என்றேன்.

"ஒரு வாரமா நான் அழறத பார்த்துட்டு இருந்தீங்க."

கதவைத் திறந்து இறங்கி, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டார். நியாயம்தான். நான் தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன். ஒழுங்காக ஓட்டினேன், அதுதான் வேடிக்கை.

மார்ச் 24, திங்கள்

நர்ஸ் வரவில்லை.

மார்ச் 26, புதன்

வந்தார். குட்மார்னிங்கூட இல்லை. வேறு ஆளிடம் மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். டெஸ்ட்டுக்கு இருக்கிற நாளில் புது ஆளிடம் எங்கே போவது என்றார். மைதானத்துக்கு விடச் சொன்னார். அங்கே ஒரு ஈ காக்கா இல்லை. ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "காலை மேல தூக்கிச் சம்மணம் போட்டு உட்காருங்க."

விளையாட்டு என்று நினைத்தேன். வார்டில் எத்தனை பேரை அதட்டியிருப்பாரோ, அந்தக் குரல். உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டில் சம்மணம் போட்டு, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு. வண்டி கிளம்பியது. செத்தேன் என்று நினைத்தேன். உடம்பெல்லாம் வேர்த்தது. இடிக்கப் போகுது, இடிக்கப் போகுது என்று உள்ளே அவள் அலறினாள். எதில் இடிக்கும்? சுற்றிலும் வெறும் மண். அதை வாய்விட்டுச் சொன்னேன்: "எதிர்ல ஒண்ணும் இல்ல." நர்ஸ், "ஆமா, இல்ல" என்றார். அடுத்த சுற்றிலும் சொன்னேன். நான் தைரியசாலி என்று சொன்னபோது ஒட்டவில்லை. இது ஒட்டியது. பொய் இல்லை பாருங்கள்.

வண்டி ஒரு தடவைகூடக் குதிக்கவில்லை. நர்ஸ் அழுதார். இந்தத் தடவை நான் தட்டிக்கொடுக்கவில்லை.

மார்ச் 29, சனி

ரோட்டுக்குப் போனோம். ரோட்டில் சம்மணம் கிடையாது, கால் கீழே, பிரேக்குக்குப் பக்கத்தில். அது ஊர்ந்து ஊர்ந்து போகும், நான் இழுத்து வைப்பேன். கடைத்தெருவில் நின்றிருந்த காரின் கதவு திடீரென்று திறந்தது. மிதித்தேன். நின்றோம்.

"நானா, நீங்களா?" என்று கேட்டார்.

"நான்தான். மிதிக்க வேண்டியிருந்தது."

"சரி" என்று சொல்லி ஃபர்ஸ்ட் கியரைப் போட்டார். நான் காலை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். சாயங்காலம்வரை பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் எங்கேடி பார்த்துட்டு இருந்தே என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

டெஸ்ட்டில் என் சீட்டில் அதிகாரி உட்கார்ந்தார். நான் வெளியே மரத்தடியில் நின்று, தரையை மிதித்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் ஃபெயில். ரோட்டில் அருமையாக ஓட்டினாராம், ரிவர்ஸில் கோட்டைத் தொட்டுவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். அவர் சிரித்துக்கொண்டு வந்தார். "இது நானே பண்ண தப்பு மேடம். முழுக்க முழுக்க என்னோடது" என்றார். பரிசு வாங்கிய குழந்தை மாதிரி சொன்னார். வேலையில் அவகாசம் கேட்டு வாங்கிக்கொள்வாராம்.

முதலாளியிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த டெஸ்ட்வரை பார்ப்போம் என்றார். அக்காவுக்கும் போன் செய்தேன். கண்ணாடி விஷயத்தை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

இன்று புதிதாக ஒருவர் சேர்ந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் சொன்னேன், இனிமேல் எல்லோரிடமும் சொல்வேன்: வண்டி காரணமில்லாமல் நின்றால் என்னைக் கேளுங்கள், அது என் காலாக இருக்கும், எனக்குப் பயம் உண்டு, பழகிக்கொண்டிருக்கிறேன்.

அவர் என் காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"அப்போ ரெண்டு பேருமே பயந்தவங்கதானா?"

"ஆமா சார். வண்டிய எடுங்க" என்றேன்.