பெற்றவன் கையில் புளிய விளாறு

மாசி, செவ்வாய்

பனி. வெகுநேரம் எதிர்மலை தெரியவில்லை. பெற்றோரைக் கூப்பிட்டு வைத்துப் பாடம் நடத்திக் காட்டும் நாள்.

பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள்: கலைவாணி டீச்சர், கலசப்பாக்கத்துப் பெண். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். என் பேத்தி செல்வி. புளி மண்டிக்காரன் மகன் தினேஷ். அவன் அம்மா, பட்டுப் புடவை. கடைசி பெஞ்சில் நான். வராதவர்கள்: என் மகன் ஏழுமலை, மருமகள் வள்ளி. மண்டிக்காரன் களத்தில் புளி தட்டப் போய்விட்டார்கள்.

டீச்சர் ஒரு கதை படித்தாள். பெரிய வீடு. பாத்திரம் கழுவ ஒருத்தி, கூடவே அவள் மகள். அந்த வீட்டுப் பிள்ளையின் ஊஞ்சலில் இது ஏறி ஆட, கயிறு அறுந்துபோகிறது. வீட்டுக்காரி வாய் திறக்கும் முன்பே பெற்றவள் முந்திக்கொண்டு மகளை அடி அடியென்று அடிக்கிறாள். அதோடு கதை முடிந்தது.

எனக்கு முதுகு எரிந்தது. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

டீச்சர்: "யார் மேல தப்பு? பயப்படாம சொல்லுங்க."

முதல் பெஞ்சு குமார்: "கயித்து மேல டீச்சர்." ஒரே சிரிப்பு.

பாதிப் பேர், வீட்டுக்காரி மேல் என்றார்கள். தினேஷ் எழுந்தான். "வேலைக்கு வந்தவங்க வேலையப் பாக்கணும் டீச்சர். ஊஞ்சல் இன்னாத்துக்கு?"

செல்வி: "அம்மா மேலதான் தப்பு. அந்த வூட்டுக்காரி அடிச்சிருந்தா அது சண்ட. பெத்தவளே அடிச்சா, அடிச்சது நியாயம்னு ஆயிடுது."

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

தினேஷ்: "பெரிய வக்கீலு! உங்கம்மா எங்க களத்துல குந்தினு புளி தட்டுறவ. நீ போட்டுனு இருக்கியே செருப்பு, அது எங்கக்கா தூக்கிப் போட்டது."

செல்வி குனிந்து செருப்பைக் கழற்றினாள். அதால்தான் அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. ஜோடியாக அவன் மேசைமேல் வைத்தாள். பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், எவர்சில்வர், நிறைய தண்ணீர். தினேஷ் வாயோடு சேர்த்து ஒன்று. முன்பல் தெறித்து டீச்சர் காலடியில். சட்டையெல்லாம் ரத்தம். பட்டுப் புடவை ஊளையிட்டது.

எனக்குச் சந்தோஷம்தான். எழுதினால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள்.

புதன்

காற்று. கூரைத் தகரம் படபட.

மண்டிக்காரன் தேவராஜ் வந்தான். (இனி ம.கா. அவனுக்கு இத்தனை மை போதும்.) கூட அவன் தம்பி. தம்பி அடுப்பை எட்டி உதைத்தான். கொதிக்கும் சாமைக் கஞ்சி வள்ளியின் காலில். தோல் வழன்றுவிட்டது. ஏழுமலைக்குக் கன்னத்தில் அறை. வாங்கிக்கொண்டு நின்றான்.

ம.கா.: "டேய் ஏழுமல, எம்புள்ள உதடு கிழிஞ்சி தையல் போட்டுக்கீது. போலீஸுக்குப் போனா உம்பொண்ணு பரீட்ச எழுத மாட்டா. வெள்ளிக்கிழம அவள களத்துக்கு இட்டுனு வா. பெத்தவன் கையால ஆவட்டும்."

அது இங்கே பழைய வழக்கம். தப்புச் செய்த பிள்ளையை அதன் அப்பனே ஊர் முன்னால் புளிய விளாறால் அடித்தால் பஞ்சாயத்து தீர்ந்தது. அப்புறம் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. அடித்தவனுக்கு வெற்றிலை கொடுப்பார்கள்.

கொடுவாளை எடுத்துக்கொண்டு வந்தேன். "வெட்டிப் போட்டுடுவேன்டா. உங்கப்பனையே பாத்தவ நானு."

"கிழவி, நீ இன்னும் சாவலையா?"

"உனக்கு வாய்க்கரிசி போட்டுட்டுதான்டா."

சிரித்துக்கொண்டே போனான். சிரிக்கட்டும்.

முதுகு எரிந்த காரணம். எனக்கு எட்டொன்பது வயது இருக்கும். பாவாடை மடியில் ஒரு பிடி புளி. அதே களம், ம.கா.வின் அப்பன். விளாறு என் அப்பன் கையில். பாவாடை கிழிந்தது, தோல் கிழிந்தது. வெற்றிலையை வாங்கி மென்று, சிவந்த வாயோடு என்னைத் தோளில் தூக்கி வந்தான். அவன் பிணம் எரிந்தபோது நான் புளி தட்டிக்கொண்டிருந்தேன். அழவில்லை.

ஏழுமலைக்கு இது தெரியும். பிள்ளையாக இருந்தபோது தழும்பைத் தடவித் தடவி, "இன்னும் வலிக்குதாம்மா?" என்று கேட்டவன்.

சாயங்காலம் டீச்சர் நடந்தே வந்தாள். "பாட்டிம்மா, எதுக்கும் ஒத்துக்காதீங்க. போலீஸ் வந்தா நான் பேசறேன். செல்வி பரீட்ச எழுதுவா, அது எம் பொறுப்பு." வள்ளியின் காலுக்கு மருந்தும் கொண்டுவந்திருந்தாள்.

செல்வி: "அடிச்சது நான், ஆயா. ஜெயிலுக்குக்கூட போறேன். நைனா கையில வெத்தல மட்டும் வேணாம்."

ஏழுமலை என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். "எங்கை ஓங்காதும்மா. இந்தக் களம் இல்லன்னா கண்ணமங்கலம் பக்கம் செங்கல் சூள. மன்னிப்பு கேட்டுட்டு வந்துர்றோம்."

நம்பினேன்.

வியாழன்

கோழி ஒன்றைக் காணோம். வள்ளியின் காலில் நீர் கோத்திருக்கிறது. உப்பு வாங்க வேண்டும். ஏழுமலை சாப்பிடவில்லை.

வெள்ளி

வெயில். எழுத்து கோணல்.

களத்தில் ஊர்ப் பெரியவர், ம.கா., அவன் தம்பி, வாய் வீங்கிய தினேஷ், புளி தட்டும் பெண்கள். செல்வி நடுவில் நின்று, "பல்லு போனதுக்கு மன்னிப்பு கேக்கறேன்" என்றாள்.

ஊர்ப் பெரியவர்: "படிக்கிற பொண்ணு. வயசுக்கு வந்தவ. விளாறெல்லாம் வேணாம்பா. இன்னா சொல்ற தேவராஜி?"

ம.கா. தாடையைத் தேய்த்தான். இன்னும் வாய் திறக்கவில்லை.

அதற்குள் ஏழுமலை மரத்துக்குப் போய்விட்டான். யாரும் சொல்லவில்லை. யாரும் விளாறு எடுத்துக் கொடுக்கவில்லை. அவனே ஒடித்தான், அவனே இலை உருவினான். முதல் அடி கழுத்தில். சுருண்டு விழுந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கி முதுகில், கையில், முழங்காலில். ஒவ்வொரு அடிக்கும் ம.கா.வின் முகத்தைப் பார்த்தான், போதுமா போதுமா என்று.

தினேஷ் அழுதான். "அப்பா, நிறுத்தச் சொல்லுப்பா!"

ம.கா.வே, "டேய், போதும்டா" என்றான். நிறுத்தவில்லை. விளாறு முறிந்தது. இன்னொன்று ஒடித்தான்.

புளி தட்டுகிற ஒருத்தி என்னைப் பிடித்திருந்தாள், அவள் கையைக் கடித்தேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. கீழே கிடந்த புளி தட்டும் கட்டை. ஓங்கிய அவன் மணிக்கட்டில் முழு பலத்தோடு போட்டேன். எலும்பு சத்தம் கேட்டது. நான் பெற்ற எலும்பு.

வழக்கம் என்று தட்டில் வெற்றிலை இருந்தது. வலக்கை தொங்கியது. இடக்கையால் வாங்கினான். மென்றான்.

திங்கள்

மறுபடி பனி.

செல்வி வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனாள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பெஞ்சில் சாய முடியாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாளாம். அவள் வந்து சொன்னது:

குமார் தானாக எழுந்தான். "டீச்சர், அன்னிக்கு கயித்து மேல தப்புன்னு சொன்னேன். மாத்திக்கறேன்."

"யார் மேலன்னு சொல்ற?"

செல்வியைப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்காரி என்று சொன்ன பிள்ளைகளும் பெற்றவள் மேல் என்று மாற்றிக்கொண்டார்கள். தினேஷைக் கேட்டபோது தையலைக் காட்டிவிட்டுத் தலை குனிந்துகொண்டானாம்.

இருட்டும் நேரம் ஏழுமலை கட்டுப் போட்ட கையோடு வந்தான். மகள் பக்கத்தில் குந்தினான். தழும்பைத் தொடப் போனான். "இன்னும் வலிக்குதாம்மா?"

அதே சொல்.

செல்வி விலகவில்லை. சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவன் தட்டை வெளியே வீசினேன்.

ம.கா. பகையாளி. பகையாளியிடம் மன்னிப்புப் பேச்சே கிடையாது, கொடுவாள்தான். அவன் தம்பிக்கும் அதே. என் அப்பன் சாம்பலாகிவிட்டான்.

நான் செத்தால் கொள்ளி செல்வி வைக்கட்டும். பொம்பளை வைக்கக் கூடாது என்பவன் எவனோ, அவனைக் கொளுத்திவிட்டு வைக்கட்டும். நான் பெற்றவன் கை என் பிணத்தில்கூடப் படக் கூடாது. மன்னிக்க மாட்டேன்.

ஏழுமலை. என் மகன்.